பின்சீட்டில் உட்கார்ந்தவள்

"கை நடுங்குது மேடம்," என்றாள் இசக்கியம்மாள். "இந்த நடுக்கம் நிக்கதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா என்னை விட்டுருங்க, வேலையை விட்டுட்டுப் போறேன்."

விஜிலா அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"காலையில சாப்பிட்டீங்களா அக்கா?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கேன்."

இசக்கியம்மாள் சாப்பிடவில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

விஜிலா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் இட்லி வைத்து நீட்டினாள்.

வேலையை விடப் போகிறேன் என்று வந்து நிற்கிறவளுக்கு இட்லி கொடுத்தால் கோபம் வராதா? வந்தது. ஆனால் பசியும் வந்தது. கோபத்தோடேயே தின்றாள்.

*

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம். வீடு இருந்தும் வீட்டில் இருக்க முடியாமல் போன பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போக வேண்டும். விசாரிக்க வேண்டும். வீடு தேறிவிட்டதா, பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா என்று சொல்ல வேண்டும். அதுதான் இசக்கியம்மாளின் வேலை. சமூகப் பணியாளர் என்று அதற்குப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அவள் 'இல்லத்து அக்கா'.

விஜிலா அவளுக்கு மேற்பார்வையாளர். சித்திரையில்தான் வந்தாள். இசக்கியம்மாளைவிட வயதில் சின்னவள். எவ்வளவு சின்னவள் என்று இசக்கியம்மாள் ஒரு நாள் கணக்குப் பார்க்க ஆரம்பித்து, மனம் நொந்து, பாதியில் விட்டுவிட்டாள்.

விஜிலாவிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது.

வியாழக்கிழமை ஆனால் ஒவ்வொரு பணியாளரையும் தனியாகக் கூப்பிடுவாள். கதவைச் சாத்துவாள். இரண்டு பேர் போனையும் வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டு மூடிவிடுவாள். போன்கள் உள்ளே கிடந்து உறுமும். அவள் எடுக்க மாட்டாள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இந்த வாரம் எந்த வீடு உங்க கூடவே வந்துச்சு?"

எத்தனை வீடு பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் உண்டு. ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டாலும் பதில் உண்டு. மனசை விட்டுப் போகாத வீடு எது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அதிகாரி கேள்வி கேட்டால் அது விசாரணை என்றுதான் இசக்கியம்மாளுக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமை மட்டும் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு, எல்லா வேலையையும் ஒழுங்காக முடித்துவைத்துவிட்டு, பரீட்சைக்குப் போவதுபோல் போவாள்.

இட்லி தின்ற அன்றைக்கும் விஜிலா தூக்குவாளியை மூடினாள். கேட்டாள்.

"எந்த வீடு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ம்."

அந்த ஒரு மணி நேரம் முழுக்க இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விஜிலாவுக்கு அவசரமில்லை. இசக்கியம்மாளுக்குத்தான் நாற்காலி குத்தியது.

எழுந்து போகும்போது விஜிலா சொன்னாள்: "அடுத்த வியாழனும் இருப்பேன்."

*

பவிஷாவின் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பவிஷா எட்டு வயதுப் பிள்ளை. முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா பேச்சித்தாய் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் இறந்ததும் பேச்சித்தாய் பாயில் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அடுப்பு எரியவில்லை. பிள்ளை பக்கத்துக் கடைகளில் போய் நின்று வாங்கித் தின்றது. யாரோ பார்த்துச் சொல்ல, இல்லத்துக்கு வந்து சேர்ந்தது.

அது போன வருஷத்துக் கதை. பேச்சித்தாய்க்கு இப்போது வைத்தியம் நடக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். மின்சாரக் காற்றாடிக் கம்பெனியின் கேண்டீனில் வேலை பார்க்கிறாள். பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்கிறாள்.

ஆடி முடிவதற்குள் குழந்தைகள் நலக் குழு உட்காரும். அதன் முன்னால் இசக்கியம்மாள் அனுப்பலாம் என்றோ அனுப்பக் கூடாது என்றோ சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இழுத்தால் பிள்ளையைச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் தாய் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரயில் ஏற வேண்டும்.

இசக்கியம்மாள் அந்த வீட்டுக்குப் போகாமல் இல்லை. போனாள். பார்த்தாள். "இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். மறுபடியும் போனாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

பவிஷா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையில் துணியை எடுத்து அடுக்குவாள். பொழுது சாய்ந்ததும் எடுத்து வெளியே வைப்பாள்.

"அத்தை, எப்போ?" என்பாள்.

"காத்து குறையட்டும் பிள்ள," என்பாள் இசக்கியம்மாள்.

கணவாயில் ஆடி மாதம் காற்று குறையுமா? பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

வீட்டிலும் இசக்கியம்மாள் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். "உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா இனி மனு எழுதிக் குடுத்துட்டு வரிசையில நிக்கணும் போல," என்றார் அவள் புருஷன். அவள் சிரிக்கவில்லை.

*

அடுத்த வியாழன்.

தூக்குவாளி மூடியது. விஜிலா கேட்டாள்.

"எந்த வீடு?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள் இசக்கியம்மாள். முடிக்க முடியவில்லை.

"சுயம்பு வீடு," என்றாள்.

சுயம்பு என்ற பெயரில் இப்போது இல்லத்தில் யாரும் இல்லை. விஜிலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க வரதுக்கு ரொம்ப முன்ன. அவங்க அப்பன் குடிகாரன். குடியை விட்டுட்டேன்னு வந்தான். கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணினான். பிள்ளையை நல்லா பாத்துக்கிடுவியான்னு கேட்டேன். பாத்துக்கிடுவேன்னு அழுதான். நான் நம்பிட்டேன். அனுப்பலாம்னு சொன்னேன்."

"ம்."

"அனுப்பின மாசமே பிள்ளை கையை ஒடிச்சுட்டான்."

தூக்குவாளிக்குள் போன் உறுமியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இப்ப சுயம்பு ஹாஸ்டல்ல படிக்கான். கை நல்லா கூடிட்டு. கபடி ஆடுதான். எனக்குத்தான் அன்னையிலயிருந்து..." அவள் தன் கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

விஜிலா எழுந்தாள். இது உங்கள் தப்பில்லை என்று சொல்வாள் என்று இசக்கியம்மாள் எதிர்பார்த்தாள். அவள் போய்க் கடுங்காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த வீட்டுக்கு அன்னைக்கு யார் கூடப் போனீங்க?"

"யார் கூடப் போவேன்? தனியாத்தான்."

"அனுப்பலாம்னு யார்கிட்ட யோசிச்சீங்க?"

"என்கிட்டதான்."

"கை ஒடிஞ்சப்புறம் பழைய மேற்பார்வையாளர் என்ன சொன்னாரு?"

"'கையெழுத்து உன்னோடதுதானே'ன்னாரு."

விஜிலா தம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை பேச்சித்தாய் வீட்டுக்கு நானும் வாரேன்," என்றாள்.

இசக்கியம்மாளுக்கு உயிர் வந்தது. இனிமேல் இது தன் தலைவலி இல்லை. மேடம் வருவாள், மேடம் பேசுவாள், மேடம் முடிவு சொல்வாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சரியாக உப்புப் போட்டுக் குழம்பு வைத்தாள்.

*

திங்கட்கிழமை காலையில் விஜிலாவின் ஸ்கூட்டர் இல்லத்து மரத்தடியிலேயே நின்றது.

"உங்க வண்டியில போவோம் அக்கா."

"அப்போ நீங்க ஓட்டுங்க மேடம்."

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காருதேன்."

கணவாய்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆடியில் அங்கே சேலை கட்டியவள் ஒரு பக்கம் போனால் சேலை இன்னொரு பக்கம் போகும். காற்றாடிகள் தொடங்குகிற வளைவு ஒன்று உண்டு. காத்தாடி முக்கு என்பார்கள். அந்த இடத்தில் மலை சட்டென்று விலகிக்கொள்ள, காற்று பக்கவாட்டில் வந்து மோதும்.

இசக்கியம்மாள் ஒரு முறை அங்கே வண்டியோடு ஓடையில் விழுந்திருக்கிறாள். அதிலிருந்து முக்கு வந்தால் இறங்கிவிடுவாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்தத் தூரம் முழுவதும் நடப்பாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இல்லத்து அக்கா வண்டிக்கு எப்போதும் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது என்று ஊரில் பேச்சு.

அன்று வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். பேச்சித்தாயிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னாலிருந்து 'ம்' மட்டும் வந்தது.

ஊர் தெரிந்ததும் இசக்கியம்மாள் திடுக்கிட்டாள். பிரேக் போட்டாள்.

"மேடம், முக்கு எங்க?"

"தாண்டியாச்சே."

"நான் இறங்கலயே?"

"எதுக்கு இறங்கணும்?"

"வண்டி அலையும் மேடம். ஆளைத் தூக்கிட்டுப் போயிரும். இன்னைக்கு எப்படி நின்னுச்சு? நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலயே அக்கா," என்றாள் விஜிலா. "சும்மாதான் உக்காந்திருந்தேன்."

*

பேச்சித்தாயின் வீடு ஓட்டு வீடு. வாசல் தெளித்து, புள்ளி வைத்துச் சின்னதாகக் கோலம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு துவைகல்.

விஜிலா துவைகல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள வாங்க மேடம்."

"நீங்க போயிட்டு வாங்க."

"நீங்கதானே பேசப் போறீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

இசக்கியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்காகவா இத்தனை தூரம் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு வந்தது? வாசலில் உட்கார வைக்க ஒரு சாக்குமூட்டை போதாதா? மனசுக்குள் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு உள்ளே போனாள்.

பேச்சித்தாய் பாய் விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலை சீவி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இசக்கியம்மாளுக்கு அதைப் பார்த்ததும் தன் கஞ்சி போட்ட வியாழக்கிழமைச் சேலை ஞாபகம் வந்தது.

வழக்கமான கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. பிள்ளையை நல்லா பாத்துக்கிடுவியா? பேச்சித்தாயின் பதிலும் தயாராக இருந்தது. பாத்துக்கிடுவேன் அக்கா. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். சுயம்புவின் அப்பனும் அதைத்தானே சொன்னான். அந்தப் பதில் காதில் விழுந்ததும் கை நடுங்கும். எழுந்து வந்துவிடுவாள்.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

விஜிலா துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று அவள் முகத்தில் மண்ணை வாரி அடித்தது. எழுந்து போகவில்லை. போனையும் பார்க்கவில்லை.

இசக்கியம்மாள் திரும்பினாள்.

"பேச்சி, உனக்கு முடியாத நாள்னு ஒண்ணு வரும்லா?"

பேச்சித்தாய் விழித்தாள். இந்தக் கேள்விக்கு அவள் தயாராகவில்லை.

"வராதுன்னு சொல்லணுமா அக்கா?"

"எனக்காக ஒண்ணும் சொல்லாத. வருமா?"

பேச்சித்தாய் பாயின் கோரையைப் பிய்த்தாள்.

"வரும்க்கா. போன மாசம்கூட வந்துச்சு. பாயை விட்டு எழும்ப முடியல. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி. உங்ககிட்ட சொன்னா பிள்ளையைத் தர மாட்டீங்கன்னு சொல்லல."

"அன்னைக்கு என்ன செஞ்ச?"

"நான் எங்க செஞ்சேன்? கிளாடிஸ் அக்காதான்."

"அது யாரு?"

பேச்சித்தாய் வாய் திறக்குமுன் பின்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான்!"

கிளாடிஸ் அடுத்த வீட்டுக்காரி. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பற்றி அவளுக்கு வெட்கமே இல்லை. கையில் கழுவாத பால் பாத்திரம்.

"சொல்லு பேச்சி, சொல்லு! இல்லன்னா நான் சொல்லுதேன். நான் சொசைட்டிக்குப் பால் ஊத்த இப்படித்தான் போவேன். வாசல் தெளிச்சிருந்தா இவ நல்லா இருக்கான்னு அர்த்தம், போயிருவேன். தெளிக்காம கிடந்தா நேரா உள்ள வந்துருவேன். திட்டுவேன். திட்டிக்கிட்டே மாத்திரை குடுப்பேன், கஞ்சி குடுப்பேன். எழும்பலைன்னா ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போடுவேன். இதுதான் எங்க ஏற்பாடு."

"இந்த ஏற்பாட்டை யாரு செஞ்சா?" என்றாள் இசக்கியம்மாள்.

கிளாடிஸ் பேச்சித்தாயைக் காட்டினாள். "இவளேதான். ஆஸ்பத்திரியிலயிருந்து வந்த அன்னைக்கே என் வாசல்ல வந்து நின்னா. 'அக்கா, நான் திரும்பவும் விழுந்தாலும் விழுவேன், என் வாசலைப் பாத்துக்கிடுங்க'ன்னா."

இசக்கியம்மாள் பேச்சித்தாயைப் பார்த்தாள். எத்தனை தடவை வந்திருக்கிறாள்! இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.

குடிக்கவே மாட்டேன் என்று ஒருவன் கற்பூரம் அடித்தான். விழுவேன் என்று ஒருத்தி அடுத்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளை இருக்கப்போ வாசல் தெளிக்காம கிடந்தா?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்கு எங்க வீட்டுல இட்லி," என்றாள் கிளாடிஸ். "பள்ளிக்கூடத்துக்கு எங்க பிள்ளைகளோட போவும். அதுல என்ன இருக்கு?"

*

வெளியே வந்தபோது விஜிலாவின் தலையெல்லாம் மண்.

"என்ன செய்யலாம் மேடம்?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"அனுப்பலாம்."

"பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். துவைகல்லையும் மண்ணையும் பார்த்தாள்.

"இருக்கு மேடம். நல்லாவே இருக்கு."

"எதுக்குப் பயம்னு சொல்லுங்க."

இசக்கியம்மாள் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிளாடிஸ் ஊருக்குப் போய்விட்டால்? மாத்திரை தீர்ந்துவிட்டால்? கேண்டீன் வேலை போய்விட்டால்? விஜிலா ஒவ்வொன்றுக்கும் "அப்போ என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் காற்றில் கத்திக் கத்திப் பேசி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேருமாக ஒரு வழி கண்டார்கள். ஆள் மாற்றி ஆள் வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

"சரி, அனுப்பலாம்," என்றாள் விஜிலா.

"நாளைக்கு ஏதாவது ஆகிட்டுன்னா?"

"ஆச்சுன்னா ரெண்டு பேரும் வருவோம்."

"கையெழுத்து?"

விஜிலா தலையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எனக்கும் பேனா இருக்கு அக்கா."

*

குழு உட்கார்ந்தது.

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தத் தாய் பழையபடி படுத்துக்கிட்டா?" என்று கேட்டார். பிள்ளையின் நல்லதுக்குத்தான் கேட்டார்.

"படுப்பா அம்மா," என்றாள் இசக்கியம்மாள்.

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இப்படி ஒரு பதிலை அந்த அறை கேட்டதில்லை.

"படுக்கிற அன்னைக்கு யாரு வருவா, பிள்ளை எங்க சாப்பிடும், நாங்க எப்போ போவோம், எல்லாம் அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்." வாசலைப் பற்றிச் சொன்னாள். கிளாடிஸைப் பற்றிச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

தலைவியம்மா அடுத்ததைக் கேட்டார்.

"பொறுப்பு யாருது?"

இந்தக் கேள்விக்குத்தான் இசக்கியம்மாள் இத்தனை காலம் பயந்திருந்தாள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. விஜிலா எழுந்து வந்தாள். இசக்கியம்மாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்களுது," என்றாள் இசக்கியம்மாள்.

தலைவியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

வெளியே வந்து, படி இறங்கி, வண்டிச் சாவியை எடுத்தபோதுதான் இசக்கியம்மாள் நின்றாள். கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

சாவி ஆடவில்லை.

"மேடம்!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

*

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் பவிஷா பையை அடுக்கிவிட்டாள்.

"நீங்களும் வாங்க மேடம்," என்றாள் இசக்கியம்மாள்.

"எடம் ஏது? பின்சீட்டு பிள்ளைக்கு."

பிள்ளைக்கு ஹெல்மெட் மாட்டினார்கள். அது பெரிசாக இருந்தது. உள்ளே ஒரு கர்ச்சீப்பை மடித்து வைத்தார்கள். மடியில் பை. இரண்டு கையாலும் இசக்கியம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

காத்தாடி முக்கு வந்தது. காற்று உய் என்று கூவிக்கொண்டு மோதியது. இசக்கியம்மாளின் கால் பழக்கத்தில் தரையைத் தேடியது.

"என்ன அத்தை, நிக்கீங்க?"

"காத்து பிள்ள..."

"போங்க அத்தை! நான் இருக்கேன்லா! போங்க!"

இசக்கியம்மாள் கால்களைத் தூக்கி வண்டியில் வைத்தாள். முறுக்கினாள். மலை விலகியது, காற்று விழுந்தது, முந்தானை கொடிபோல் பறந்தது, பின்னால் பிள்ளை ஓவென்று கூச்சல் போட்டது. அவளும் போட்டாள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

ஊர் எல்லையிலேயே பேச்சித்தாய் நின்றிருந்தாள். வண்டி நிற்பதற்குள் ஓடி வந்தாள். ஹெல்மெட்டோடு சேர்த்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் அன்று பெரிய கோலம். கிளாடிஸ் வீட்டு வாசலிலும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

*

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, விஜிலாவின் அறை வாசலில் இசக்கியம்மாளின் போன் அடித்தது. பேச்சித்தாய்.

"அக்கா," குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்னைக்கு வாசல் தெளிக்கலக்கா."

இசக்கியம்மாள் மூச்சை அடக்கிக் கேட்டாள். "பிள்ளை?"

"கிளாடிஸ் அக்கா கூட்டிட்டுப் போயி, சாப்பிட வச்சு, பள்ளிக்கூடத்துக்கு விட்டாச்சு. மாத்திரை போட்டுட்டேன். சாயங்காலம் நர்ஸம்மா வாராங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"நாளைக்குக் காலையில நான் வாரேன் பேச்சி. படுத்து நல்லா தூங்கு."

போனை வைத்தாள். முன்பெல்லாம் இப்படி ஒரு போன் வந்திருந்தால் அவளுக்கு அங்கேயே தலை சுற்றியிருக்கும். இப்போது கண்ணில் நீர் வந்தது. சிரிப்பும் வந்தது. தாய் படுத்திருக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேடம், பேச்சி விழுந்துட்டா! பிடிச்சுட்டாங்க!"

விஜிலா நடந்ததை முழுக்கக் கேட்டாள். முகம் மலர்ந்தது. "ஜெயிச்சுட்டீங்க அக்கா," என்றாள்.

"ஜெயிச்சுட்டோம்."

விஜிலா போன்களை வாங்கித் தூக்குவாளியில் போட்டாள். மூடினாள்.

"இந்த வாரம் எந்த வீடு உங்க கூட வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஒண்ணு ரெண்டு வந்துச்சு. நம்ம இல்லத்து கேட் வரைக்கும் வந்துட்டு, சொல்லிக்கிட்டுப் போயிட்டு."

விஜிலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தூக்குவாளிக்குள் ஒரு போன் உறுமியது. அது விஜிலாவின் போன். அவள் தோள் சட்டென்று ஒடுங்கியதை இசக்கியம்மாள் பார்த்தாள்.

மேசையில் இட்லி டப்பா இருந்தது. திறக்கவில்லை.

இசக்கியம்மாள் இந்த அறைக்கு எத்தனையோ வியாழக்கிழமை வந்திருக்கிறாள். எதிரில் இருந்தவளின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை அன்றுதான் பார்த்தாள்.

"காலையில சாப்பிட்டீங்களா மேடம்?"

விஜிலா ஜன்னலைப் பார்த்தாள்.

இசக்கியம்மாள் டப்பாவைத் திறந்தாள். மூடியில் இட்லி வைத்து நீட்டினாள். அவளுக்கும் அவசரமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இட்லியைப் பிட்டுக்கொண்டே விஜிலா சொன்னாள்.

"நானும் வாசல் தெளிக்கலக்கா."

இசக்கியம்மாள் ஆணியில் தொங்கிய இரண்டு ஹெல்மெட்டுகளையும் எடுத்தாள். ஒன்றை விஜிலாவிடம் கொடுத்தாள்.

"சாப்பிட்டு முடிங்க," என்றாள். "அந்த வீட்டுக்கே போவோம். எந்த வீடுன்னு போற வழியில சொல்லலாம். நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காருதேன்."